நண்பர்க்கொரு சித்திரமாடம்

முன்னுரை

ஒன்றாகப் படித்தவர்கள் பிரிந்து செல்வது கல்லூரி வாழ்க்கையின் இயல்பு. மூன்றாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தோர், பட்டம் பெற்ற மறு திங்களே ஒருவர் சேலத்திலும் ஒருவர் திருச்செங்கோட்டிலும் ஒருவர் கடல் கடந்த நாட்டிலுமாகச் சிதறிவிடுகின்றனர். நலம் விசாரிக்கத் தொலைபேசி இருக்கிறது. ஆயினும் நலம் விசாரிப்பது மட்டும் நட்பாகிவிடாது. இருவர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கையில் உண்டாகும் நெருக்கம், "எப்படி இருக்கிறாய்?" என்னும் கேள்விக்கு விடை சொல்வதில் உண்டாவதில்லை.

நம் துறை மாணவர் அறுவர் முன்பு ஒரு கையெழுத்து ஏடு நடத்தினர். கட்டுரைகளை ஒருவர் அழகுற எழுதுவார். ஓரங்களில் ஒருவர் பூவேலை செய்வார். அட்டைப்படத்தை ஒரே மேசையைச் சுற்றி நின்று அனைவரும் வரைவர். அம்மேசையே அவர்தம் நட்பின் நடுவிடமாக விளங்கியது. படிப்பு முடிந்து அறுவரும் பிரிந்தபின் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவ்வேளையில் அவர்களுள் ஒருவர் எம்மை அழைத்து, "ஐயா, அந்த மேசையை மட்டும் திரும்பப் பெற வழி உண்டா?" என்று கேட்டார்.

வழி உண்டு. இணையத்தில் ஒரு பொதுத்தாளை விரித்து, வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே நேரத்தில் அதில் வரையலாம். அத்தகைய வரைகூடத்தை அமைப்பது எவ்வாறு, அமைத்ததைக் காப்பது எவ்வாறு என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அமைப்பது எளிது, காப்பதே அரிது. இவ்வுண்மையை யாம் எமது பிழை ஒன்றின் வாயிலாகக் கற்றுக்கொண்டோம். அப்பிழையையும் மறையாது ஈண்டுக் கூறுவோம்.

எழுதுதல் என்னும் சொல்

தமிழ்த்துறை மலரில் ஓவியத்திற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நம் மொழியே அதற்கு விடை வைத்திருக்கிறது. 'எழுதுதல்' என்னும் வினை, தமிழில் எழுத்தையும் குறிக்கும், ஓவியத்தையும் குறிக்கும். கண்ணுக்கு மை எழுதினர். மார்பில் தொய்யில் எழுதினர். சுவரில் பாவை எழுதினர். ஏட்டில் பாட்டு எழுதினர். கோடு கிழிக்கும் கை ஒன்றே என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

ஓவியருக்கு மதுரைக்காஞ்சி 'கண்ணுள் வினைஞர்' எனப் பெயர் தருகிறது. புறநானூற்றுப் புலவர்கள் பாடிய பாண்டிய மன்னருள் ஒருவன், 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்' எனப்படுகிறான். சித்திரங்கள் நிறைந்த மாடம் ஒன்று அந்நாளில் இருந்தது என்பதற்கு அவன் பெயரே சான்று. அப்பழஞ்சொல்லையே இக்கட்டுரைக்குத் தலைப்பாகக் கொண்டோம்.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கிய சான்று பரிபாடலில் உள்ளது. திருப்பரங்குன்றத்தைப் பாடும் 19 ஆம் பாடல், அங்கிருந்த 'எழுத்துநிலை மண்டபம்' ஒன்றைக் காட்டுகிறது. காமன், இரதி, இந்திரன், அகலிகை ஆகியோரின் ஓவியங்கள் அங்கே உள்ளன. வந்தவர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டி, இவர் யார், இவர் யார் என வினவுகின்றனர். உடன் வந்தோர் விளக்குகின்றனர். ஓவியத்தை ஒருவர் தனியே நின்று பார்ப்பதாக அன்றி, பலர் கூடிப் பேசிப் பார்ப்பதாகவே அப்புலவர் காட்டுகிறார். ஓவியம் அங்கே பேச்சுக்குத் தூண்டுகோலாகி, மக்களை இணைக்கிறது.

நம் வட்டாரத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மோகனூரில் 1888 ஆம் ஆண்டு பிறந்து, 1949 இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பெற்ற நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் பேர் பெறுமுன் ஓவியராகவே அறியப்பட்டவர். உருவப்படம் வரைந்து வாழ்க்கை நடத்தியவர். எழுதுகோலும் தூரிகையும் ஒரே கையில் இருந்தமைக்கு அவரினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கூடி வரையும் மரபு

ஓவியம் தனிமையில் பிறப்பது என்பது பொதுவான எண்ணம். நம் சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி வந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

மார்கழி விடியலில் ஒரு தெருவில் நடந்து செல்வோமாயின், ஒரே வாசலில் இருவர், மூவர் குனிந்து கோலமிடுவதைக் காணலாம். மூத்தவர் புள்ளி வைப்பார்; இளையவர் கோடு இழுப்பார்; சிறுமி வண்ணம் தூவுவாள். 5 புள்ளியில் தொடங்கி 3 இல் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 19 புள்ளிகள். ஒரு புள்ளி தவறினாலும் கோடு சேராது. ஆகையால் ஒருவர் வைத்த புள்ளியை மற்றவர் நம்பியே ஆகவேண்டும்.

நம் இல்லங்களில் பெருநாளுக்கு முந்தைய இரவு மருதாணி இடும் வழக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். தன் வலக்கையில் தானே நன்றாக இட்டுக்கொள்ள இயலாது. மற்றொருவர் கை வேண்டும். தாளாக ஒருவர் கை, எழுதுகோலாக மற்றொருவர் கை. இதனினும் நெருக்கமான கூட்டு ஓவியம் உண்டோ?

நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில், பாடி கட்டி முடித்த வண்டிக்கு ஒருவர் அடிவண்ணம் பூசுவார். எழுத்து எழுதுபவர் வேறொருவர். பூவும் மயிலும் தீட்டுபவர் மற்றொருவர். ஒருவருடைய வண்ணம் உலருமுன் மற்றவர் அவ்விடத்தில் கை வைப்பதில்லை. இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்களில், சேலைக் கரையின் பூவேலையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளையிட்டுத் தறியில் ஏற்றுவது வழக்கம். வரைந்தவர் ஒருவர், துளையிட்டவர் ஒருவர், நெய்தவர் ஒருவர். இன்று தாளுக்கு மாற்றாகக் கணிப்பொறித் திரையும் வந்துவிட்டது.

இந்நான்கிலும் பொதுவாக அமைந்த பண்புகள் மூன்று. எல்லார்க்கும் உரிய ஒரு பரப்பு இருக்கிறது. ஒருவர் கை செய்வதை மற்றவர் கண் பார்க்கிறது. பிறர் இட்டதை அழிக்கலாகாது என்னும் எல்லை, சொல்லாமலே காக்கப்படுகிறது. முதல் இரண்டையும் இன்றைய பொறியியல் நமக்கு எளிதாகத் தந்துவிட்டது. மூன்றாவதை நாம்தாம் தந்தாக வேண்டும்.

கோலமும் கணிப்பொறியும்

கணிப்பொறியின் திரையில் மனிதன் நேரே வரையும் முறையை 1963 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இவான் சதர்லாந்து என்பவர் செய்து காட்டினார். 'ஸ்கெட்ச்பேடு' எனப் பெயரிய அம்முறையில், ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடும் வட்டமும் வரையலாம். ஐந்தாண்டுகள் கழித்து, 9-12-1968 அன்று, டக்ளஸ் எங்கெல்பர்ட் என்பவர் சான்பிரான்சிஸ்கோ மேடையில் நின்றவாறே, மென்லோ பார்க்கில் இருந்த தம் உடன்பணியாளரோடு ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் உள்ள தொலைவுதான். இன்று நம் மாணவர் கையில் உள்ள வசதியின் விதை அன்று ஊன்றப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்து 1974 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எழுவாய், பயனிலை என்று சொற்றொடர்க்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்திற்கும் இலக்கணம் வகுக்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. சிறிய வடிவம் ஒன்றையும் சில விதிகளையும் கொடுத்தால், அவ்விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரிய கோலம் ஒன்றை உருவாக்கலாம். நம் பாட்டிமார் கைப்பழக்கமாக அறிந்திருந்தது, கணிப்பொறி அறிவியலில் ஓர் ஆய்வுப் பொருளாயிற்று. இலக்கணம் பயில்வோர் பெருமையோடு நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

வரைகூடம் இயங்கும் முறை

சேலத்தில் ஒருவர் இழுத்த கோடு, கண்ணிமைக்கும் பொழுதில் திருச்செங்கோட்டில் ஒருவர் திரையில் தோன்றுவது எங்ஙனம்?

ஒவ்வொரு கோட்டுக்கும் முழுப்படத்தையும் அனுப்புகிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்தால் வேலை நடவாது. 1920 × 1080 அளவுள்ள ஒரு திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு கோட்டுக்காக அத்தனை புள்ளிகளின் வண்ணத்தையும் அனுப்புவது, ஒரு சொல்லைத் திருத்தியமைக்காக முழு நூலையும் மீண்டும் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புவது போன்றதாகும். எனவே அனுப்பப்படுவது படம் அன்று; கட்டளை. 'இவ்விடத்தில் தொடங்கி, இன்னின்ன இடங்கள் வழியாக, இந்த வண்ணத்தில், இத்தனை தடிப்பில் ஒரு கோடு' என்னும் செய்தி மட்டும் செல்கிறது. 200 இடங்கள் வழியாகச் செல்லும் வளைகோட்டுக்கு இடத்திற்கு இரண்டாக 400 எண்கள் போதும். அச்செய்தியைப் பெற்ற கணிப்பொறி, தன் திரையில் தானே அக்கோட்டை வரைந்துகொள்கிறது. புள்ளிக் கணக்கைச் சொன்னவுடன் அடுத்த தெருப் பெண் அதே கோலத்தைத் தம் வாசலில் இட்டுவிடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இச்செய்திகளை வாங்கி மற்றவர்க்குப் பகிர்ந்தளிக்க நடுவில் ஒரு கணிப்பொறி வேண்டும். அதனை 'வழங்கி' என்பர். முன்னாளில் ஒவ்வொருவர் கணிப்பொறியும், "புதிய செய்தி உண்டா? புதிய செய்தி உண்டா?" என வழங்கியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2011 இல் வரையறுக்கப்பெற்ற 'வெப்சாக்கெட்' என்னும் முறை, இருபக்கமும் செய்தி போய்வர ஒரு வழியைத் திறந்தே வைத்துவிட்டது. அதன்பின் உலவியிலேயே கூடி வரைதல் எளிதாயிற்று.

இருவர் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் வரைந்தால் என்னாகும் என்னும் ஐயம் எழலாம். வழங்கிக்கு எச்செய்தி முதலில் எட்டியதோ அது கீழாகவும், அடுத்து எட்டியது மேலாகவும் அமையுமாறு செய்யலாம். எல்லார் திரையிலும் அதே வரிசை பின்பற்றப்படுவதால் எல்லாரும் ஒரே படத்தைக் காண்கின்றனர். மேலும் 'அடுக்கு' என்னும் வசதி உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என அதனைக் கருதலாம். ஒருவர் தம் தாளில் வரைய, அடுத்தவர் தம் தாளில் வரைய, மேலிருந்து பார்த்தால் ஒரே ஓவியம். ஒரு தாளில் பிழை நேர்ந்தால் மற்றத் தாள்கள் கெடுவதில்லை.

அமைக்கும் வழி

கூடம் அமைக்க இன்று வழிகள் பல. ஈண்டு இரண்டைக் கூறுவோம். இரண்டும் கட்டணம் இல்லாதவை. மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பவை.

முதலாவது 'எக்ஸ்காலிடிரா'. கிறிஸ்டோபர் ஷெடோ என்பவர் 2020 சனவரியில் தொடங்கியது. உலவியில் அதன் தளத்தைத் திறந்தால் வெண்பலகை ஒன்று விரியும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. மென்பொருளை நிறுவ வேண்டியதும் இல்லை. பகிர்வதற்கான பொத்தானை அழுத்திக் கூட்டமர்வைத் தொடங்கினால் ஓர் இணைப்பு முகவரி கிடைக்கும். அதனை நண்பர்க்கு அனுப்ப, அவர் அதே பலகைக்கு வந்துசேர்வார். அவரது சுட்டி நகர்வதும் பெயரோடு தெரியும். கோட்டுப்படம், வரைபடம், கோலம், பாடக்குறிப்பு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. அரசின் விலையில்லா மடிக்கணினி வைத்திருப்போர்க்கும், கைப்பேசி மட்டுமே உடையோர்க்கும் இது போதும்.

இதில் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நடுவில் உள்ள வழங்கியும் படிக்க இயலாதவாறு செய்திகள் பூட்டி அனுப்பப்படுகின்றன. அப்பூட்டுக்குரிய சாவி எங்கே இருக்கிறது? இணைப்பு முகவரியில் '#' என்னும் குறிக்குப் பின்வரும் பகுதியிலேயே இருக்கிறது. முகவரியின் அப்பகுதியை உலவி வழங்கிக்கு அனுப்புவதில்லை. ஆகவே காவல் வலிமையானதே. ஆனால் முகவரியை ஒருவர்க்குக் கொடுத்தால் வீட்டு வழியைச் சொன்னதோடு சாவியையும் கொடுத்ததாகும். இதனை ஈண்டு அழுத்திக் கூறுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

இரண்டாவது 'டிராபைல்'. இது ஓவியர்க்கென அமைந்த மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் கணிப்பொறிகளிலும் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் நிறுவிக்கொள்ளலாம். தூரிகை வகைகள், அடுக்குகள், பேனாவின் அழுத்தத்திற்கேற்பத் தடிக்கும் கோடு ஆகியன இதில் உண்டு. அறையைத் திறப்பவர் அறைத்தலைவர் ஆகிறார். அறைக்குக் கடவுச்சொல் இடலாம், ஓர் அடுக்கை இன்னார்க்கே உரியது என வரையறுக்கலாம், ஒருவர் கையைச் சிறிதுநேரம் கட்டிவைக்கலாம், தீயவரை வெளியேற்றலாம், பிறர் இட்ட கோட்டையும் மீட்டெடுத்து நீக்கலாம். வரைந்த வரலாறு முழுவதையும் பதிவு செய்து, பின்னர் முதற்கோட்டிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் இயலும். ஓவியம் பிறந்த கதையை மாணவர்க்குக் காட்ட இதனினும் சிறந்த கருவி இல்லை எனலாம்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் தொடக்கம் சிறிதாக இருத்தல் நன்று. மூவர் அல்லது நால்வர் போதும். கிழமையில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என வரையறுத்துக்கொள்க. பேசிக்கொள்ளக் கைப்பேசி அழைப்பு ஒன்றை உடன் வைத்துக்கொள்க. பேச்சின்றி வரைந்தால் கூடம் விரைவில் வெறிச்சோடிவிடும். முதல் நாள் வெற்றுத்தாளோடு தொடங்கினால் எவர்க்கும் கை வராது. 19 புள்ளிக் கோலம் ஒன்றையோ, தாம் படித்த வகுப்பறையின் தரைப்படத்தையோ முதலில் எடுத்துக்கொள்வது நலம். வகுப்பறையை வரைகையில் "உன் இடம் இதுவன்று, அந்தச் சன்னலோரம்" என்று ஒருவர் தொடங்க, மற்றவை தாமே வரும்.

ஒரு பெருநாள் இரவு

எம் மாணவர் அறுவரும் இவ்வாறே தொடங்கினர். அவர்களுள் ஒருவர் ஷார்ஜாவில் பணியில் இருந்தார். ஒருவர் லாரிக்கு எழுத்து எழுதுபவரின் மகன். ஒரு மாணவி சேலத்தில் நம் சமுதாயத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கையெழுத்து ஏட்டின் அட்டைப்படங்களில் பெரும்பகுதி அவர் கைவண்ணமே. படிப்பு முடிந்தபின் அவர் வீட்டைவிட்டு வெளியே செல்வது குறைவு. மற்றவர்க்கு வரைகூடம் ஒரு பொழுதுபோக்கு. அவருக்கோ அது வெளியுலகுக்குத் திறந்த ஒரே சன்னல்.

2020 மே 24 ஆம் நாள், ஈகைப் பெருநாளுக்கு முந்தைய இரவு, அறுவரும் ஒரு பெரிய கையை வரைந்து மருதாணிக் கோலம் இடத் தீர்மானித்தனர். விரலுக்கு ஒருவராக ஐவர்; உள்ளங்கை அம்மாணவிக்கு. ஷார்ஜாவில் அன்றே பெருநாள். அவர் தொழுகையும் உணவும் முடித்துப் பெருவிரலை எடுத்துக்கொண்டார். இரவு ஒன்பது மணி அளவில் முக்கால் பகுதி முடிந்திருந்தது. எம்மையும் அழைத்துக் காட்டினர். கொடிகளும் கண்ணிகளும் ஒரு விரலிலிருந்து மறு விரலுக்கு எங்கே தாவின என்று தெரியாதபடி அமைந்திருந்தன. ஊரே அடைந்துகிடந்த நாளில் அக்காட்சி எம் உள்ளத்தை நிறைத்தது.

நிறைந்த உள்ளத்தோடு யாம் செய்ததுதான் பிழை. 'நம் மாணவர் திறனைப் பாரீர்' என்று எழுதி, அந்த இணைப்பு முகவரியை, இருநூறு பேருக்கு மேற்பட்டோர் இருந்த ஒரு வாட்சாப் குழுவில் இட்டோம். மாணவரிடம் ஒரு சொல் கேட்டோமில்லை.

கால் மணி நேரத்திற்குள் பெயர் தெரியாதோர் சிலர் கூடத்தில் நுழைந்தனர். முதலில் விளையாட்டாகக் கிறுக்கினர். பிறகு ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாக அழித்தார். மற்றொருவர் உள்ளங்கையின்மீது எழுதத்தகாத சொற்களை எழுதினார். அந்நேரம் அம்மாணவியின் தந்தையார், மகள் வரைந்த கையைப் பார்க்கலாம் என்று அருகே வந்து நின்றாராம். மகள் கருவியை மூடுவதற்குள் அவர் படித்துவிட்டார். படத்தின் படி எவரிடமும் இல்லை. அன்றோடு அம்மாணவி கூடத்திற்கு வருவது நின்றது. அவர் இன்றி மற்றவர்க்கும் கை ஓடவில்லை. பெருநாள் வாழ்த்துச் சொல்லவும் எவரும் அழைக்கவில்லை.

நடந்தது எமக்கு மறுநாள் மாலைதான் முழுமையாகத் தெரிந்தது. அவர் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, பிள்ளைகள் மேல் குற்றமில்லை. முகவரியை ஊருக்கெல்லாம் கொடுத்தது நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சினந்து பேசவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு கேட்டார்: "சார், வீட்டுக்கு ஆள் வந்தால் யாரென்று கேட்டுத்தானே கதவைத் திறக்கிறோம். நீங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்த அந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள் எங்கே?"

எம்மிடம் விடை இல்லை. கூடத்தின் இயக்கத்தை அவர்களுக்கு விளக்கிய யாம், தாழ்ப்பாளைப் பற்றி ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை.

தாழ்ப்பாள்

அக்கேள்விக்கு விடை தேடி அறுவருள் ஐவரும் யாமும் சில நாட்கள் பேசினோம். முடிவில் கடவுச்சொல்லும் அறைத்தலைமையும் உள்ள வேறொரு கூடத்தைத் தேர்ந்து, சில விதிகளை வகுத்தோம். புதிதாகக் கூடம் அமைப்போர்க்கு அவை பயன்படும் என்பதால் ஈண்டுத் தருகிறோம்.

முதல் விதி: சாவி ஒருவர் கையில் இருத்தல் வேண்டும். கூடத்தைத் திறப்பவரும் மூடுபவரும் அவரே. அவர் அறியாமல் முகவரியை மூன்றாமவர்க்குக் கொடுக்கலாகாது. ஆசிரியரும் பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். படத்தைப் பிறர்க்குக் காட்ட விரும்பினால் படத்தின் படியை அனுப்பலாம். கூடத்தின் முகவரியை அனுப்பலாகாது.

இரண்டாம் விதி: ஒவ்வோர் அமர்வுக்கும் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். கடவுச்சொல் வசதி இல்லாத கூடமாயின், பழைய அறையைக் கைவிட்டுப் புதிய அறையைத் திறந்து, புதிய முகவரியை உரியவர்க்கு மட்டும் தருதல் வேண்டும்.

மூன்றாம் விதி: அவரவர்க்கு ஓர் அடுக்கு. பிறர் அடுக்கில் கை வைக்க வேண்டுமாயின் வாய்விட்டுக் கேட்டல் வேண்டும். கேட்பதும் இசைவதும் நட்பின் ஒரு பகுதியே.

நான்காம் விதி: அமர்வு முடிந்ததும் இருவர், படத்தின் படியைத் தத்தம் கருவியில் சேமித்தல் வேண்டும். இவ்விதியின் அருமை பின்னர் மேலும் விளங்கிற்று. கூகுள் நிறுவனம் நடத்திவந்த 'ஜாம்போர்டு' என்னும் வெண்பலகை, ஊரடங்குக் காலத்தில் பல வகுப்பறைகளுக்குப் பயன்பட்டது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அச்சேவை நிறுத்தப்பட்டது. பெருநிறுவனத்தின் கூடமும் ஒரு நாள் மூடப்படலாம். தாம் வரைந்ததைத் தம் பெட்டியில் வைத்திருப்பவர்க்கே அது உடைமை.

ஐந்தாம் விதி: வீட்டிலுள்ள பெரியவர் எப்பொழுது வேண்டுமாயினும் அருகில் வந்து பார்க்கலாம். மறைக்க வேண்டிய கூடம் நண்பர்க்கு ஏற்ற கூடம் அன்று. அதேபோழ்து, பிள்ளைகள் தமக்குள் சிரித்து மகிழ இடம் விட்டு விலகியிருப்பதும் பெரியவர் கடமை.

இவ்விதிகளை ஒரு தாளில் எழுதி அம்மாணவியின் தந்தையார்க்கு அனுப்பினோம். முதல் விதியில், சாவியை யார் வைத்திருப்பது என்னும் இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தோம். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். "தாழ்ப்பாள் என் மகள் கையில் இருக்கட்டும் சார். அவள் திறந்தால் நீங்கள் உள்ளே வாருங்கள்" என்றார்.

அன்றுமுதல் அம்மாணவியே அறைத்தலைவர். 2020 ஆகஸ்டு முதல் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்கு முந்தைய இரவு, அழிந்த கையை அறுவரும் மீண்டும் வரைந்தனர். யாம் உள்ளே செல்லக் கடவுச்சொல் கேட்டு, விடை வரும்வரை வாசலில் காத்திருந்தோம். ஆசிரியர் மாணவியிடம் இசைவு கேட்டுக் காத்திருந்த அந்தச் சில நொடிகள், எமக்குப் பாடமாக அமைந்தன. அந்தக் கையின் அச்சுப்படி ஒன்று இன்றும் எம் மேசைக் கண்ணாடியின் கீழ் உள்ளது. சுண்டுவிரலில் ஒரு கண்ணி சற்றுக் கோணியிருக்கிறது. லாரிக்கு எழுதுபவர் மகனின் கைவேலை அது. திருத்துகிறேன் என்று அவர் சொல்ல, வேண்டாம் என்று மற்றவர் தடுத்துவிட்டனர்.

முடிவுரை

வரைகூடம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கைப்பேசியும் சிறிதளவு இணையமும் போதும். பழகிக்கொள்ள அரை மணி நேரம் போதும். மாணவச் செல்வங்கள் பிரியுமுன்னரே தம் நண்பருள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துச் சிறியதொரு கூடத்தை அமைத்துக்கொள்வாராயின், ஊர் பிரிந்தாலும் மேசை பிரியாது. ஆசிரியப் பெருமக்கள் கோலத்தின் இலக்கணத்தையோ, ஐந்திணை நிலக்காட்சிகளையோ மாணவரோடு கூடி வரைய இதனைப் பயன்படுத்தலாம். கூடத்தில் நுழையுமுன் கதவைத் தட்டவும் வேண்டும். சமுதாயப் பெரியோர், இணையம் என்றதும் கதவை அடைத்துவிடாமல், தாழ்ப்பாள் உண்டா, அது யார் கையில் என்று கேட்பாராக. அப்பெரியவர் அன்று கேட்ட கேள்விதான் எம் மாணவியின் சன்னலை மூடாமல் காத்தது.

பரங்குன்றத்து மண்டபத்தில் இவர் யார், இவர் யார் என்று கேட்டு மகிழ்ந்தோர்க்கு வாசல் ஒன்று இருந்திருக்கும். அதனைக் காத்தவரும் இருந்திருப்பர். நம் பிள்ளைகளின் சித்திரமாடத்திற்கும் வாசல் வைப்போம். சாவியை அவர்கள் கையிலேயே கொடுப்போம்.